ஆட்சி மாறும்போது அடுப்பு என்ன ஆகிறது: திருவாரூரில் வெளியே சாப்பிட்ட அனுபவம்

மருந்து கம்பெனியில் ரெப் வேலை பார்ப்பவனுக்கு மதியச் சாப்பாடு பெரும்பாலும் வெளியில்தான். திருவாரூரில் எனக்கு வீடு இருக்கிறது. ஆனால் காலையில் மன்னார்குடி, மதியம் நீடாமங்கலம், சாயங்காலம் டாக்டர்கள் கிளினிக் திறக்கும் நேரத்துக்கு மறுபடி திருவாரூர் என்று ஓடுகிற பிழைப்பில் வீட்டுச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். அதனால் எந்த ஊரில் எந்தக் கடை, எத்தனை மணிக்குப் போனால் சாதம் சூடாக இருக்கும், எங்கே ரசம் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்கள் தெருவில் வீடு எடுத்துத் தங்கும் மாணவர்கள் வருஷா வருஷம் மாறுகிறார்கள். கேரளத்துப் பிள்ளைகள், வடக்கிலிருந்து வந்தவர்கள், தேனி, தர்மபுரி என்று நம் ஊர்ப் பிள்ளைகள். வந்த புதிதில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “அண்ணே, இங்க எங்க சாப்பிட்டா வயிறு கெடாது?” அவர்களுக்கு வாய்வழியாகச் சொல்லிவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே அரசாங்கங்களைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. நாம் வெளியே சாப்பிடும் சாப்பாட்டுக்குக் கடைக்காரர் மட்டும் பொறுப்பில்லை.

1997-இல்தான் திருவாரூர் தனி மாவட்டமானது. அதுவரை தியாகராஜர் கோயில், கமலாலயம் குளம், ரயில்வே ஜங்ஷன், நெல் வியாபாரம் என்று இருந்த ஊர். 2009-இல் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. அடுத்த ஆண்டே அரசு மருத்துவக் கல்லூரி. பல்கலைக்கழக வளாகம் நீலக்குடிக்குப் போய் வளர வளர, ஊரின் சாப்பாடும் மாறியது. அதற்கு முன்னால் காலையில் இட்லி, பொங்கல், மதியம் இலைச் சாப்பாடு, ராத்திரி பரோட்டா சால்னா. ஆழித்தேர் சமயத்திலும் முகூர்த்த நாட்களிலும் கூட்டம், மற்ற நாட்களில் தெரிந்த முகங்கள்தான். கடைக்காரருக்கு நம்மைத் தெரியும், நம் அப்பாவையும் தெரியும். கெட்டுப்போனதைப் போட்டால் மறுநாள் தெருவில் கேட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது.

மாணவர்களை நம்பி வந்த கடைகளுக்கு அந்தப் பயம் இல்லை. சாப்பிடுகிறவன் இரண்டு வருஷத்தில் படிப்பு முடிந்து போய்விடுவான். ஏப்ரல் கடைசியில் விடுமுறை விட்டால் கடைக்காரருக்கு வருமானமே கிடையாது. ஜூலையில் புது ஆட்கள் வருவார்கள். வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். அதனால் பிள்ளைகள் இருக்கும் மாதங்களிலேயே அத்தனையும் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள். எண்ணெயை மாற்றாமல் ஓட்டுவதும், நேற்றைய சிக்கனை இன்று ஃப்ரைடு ரைஸில் போடுவதும் இந்த அவசரத்தில் நடப்பதுதான். எல்லாக் கடையையும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கும் கல்லைக் கழுவித் தேய்த்துவிட்டுப் போகிற பரோட்டா மாஸ்டர்களையும் எனக்குத் தெரியும்.

சரி, எதைப் பார்த்து ஒரு கடைக்குள் நுழைவது?

முதலில் நேரம். மதியச் சாப்பாட்டை பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள். சாதம் இறக்கி இறக்கி வந்துகொண்டிருக்கும். மூன்று மணிக்குப் போனால் கிடைப்பது அடி அண்டா. ராத்திரி டிபனுக்கு ஏழரை மணி நல்ல நேரம். மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், தேங்காய்ச் சட்னியை மாலைக்கு மேல் நான் தொடுவதில்லை. காலையில் அரைத்தது ராத்திரி வரைக்கும் நிற்காது. அந்த மாதங்களில் டெல்டாவில் தண்ணீர் எல்லாப் பக்கமும் கலங்கி நிற்கும், மஞ்சள் காமாலையும் டைபாய்டும் கிளினிக்குகளில் வரிசை கட்டுவதை என் தொழிலில் கண்ணால் பார்க்கிறேன். சுடுதண்ணீர் கேளுங்கள். கொடுக்க முகம் சுளிக்கிற கடையில் உட்கார வேண்டாம்.

அப்புறம் எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்குச் சட்டத்திலேயே ஒரு வரம்பு இருக்கிறது. அதில் சேரும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அளந்து பார்க்க நம்மிடம் கருவி இல்லை. ஆனால் வாணலியை எட்டிப் பார்க்கலாம். நுரை கட்டி அடங்காமல் நிற்பது, கறுத்துப் பிசுபிசுத்து ஓரத்தில் ஒட்டுவது, பஜ்ஜி போடுவதற்கு முன்பே புகை வருவது, இதில் எது இருந்தாலும் அந்தக் கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். வடையைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், இலையோ தட்டோ கேளுங்கள். அச்சு மை எண்ணெயில் இறங்கும். உணவைச் செய்தித்தாளில் சுற்றக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது.

கோழி செக்கச்செவேல் என்று இருந்தால் அது மிளகாய்த்தூளின் நிறமல்ல. சிக்கன் 65, பிரியாணி, பஜ்ஜி மாதிரி சமைத்த பண்டங்களில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதியே கிடையாது. கையில் எடுத்தால் விரல் நுனி சிவந்து, கழுவினாலும் போகாது. அவ்வளவு எளிதாகத் தெரிந்துவிடும்.

ஷவர்மாவும் மயோனைஸும்தான் பிள்ளைகள் அதிகம் விரும்புவது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனபோது மாநிலம் முழுக்கச் சோதனை நடந்தது. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடை போட்டார்கள். சோதனை நடக்கும் வாரத்தில் எல்லாக் கடையும் பளிச்சென்று இருந்தது. அதற்கப்புறம் பழையபடிதான். தடை இருக்கிறதா முடிந்ததா என்பதை விடுங்கள், நம் ஊர் வெயிலில் மேசை மேல் திறந்து கிடக்கும் மயோனைஸை யாரும் தொட வேண்டாம். கறி சுற்றும் கம்பியின் நடுப்பகுதி வெந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மின்சாரம் போய், நெருப்பு அணைந்து, மறுபடி பற்றவைத்த கடை என்றால் அன்றைக்கு வேண்டாம்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. நாகப்பட்டினம் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு நல்ல மீன் கிடைக்கும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் கடையில் வஞ்சிரம் என்று வருவது பெரும்பாலும் ஐஸில் பல நாள் இருந்து எங்கிருந்தோ வருவது. அப்போது குளத்துக் கெண்டையோ விராலோ இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். முள் அதிகம், ஆனால் அன்றைக்குப் பிடித்தது.

பார்சல் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய கப், உணவு கட்டும் தாள், எல்லாக் கனத்திலும் கேரி பேக் எல்லாம் அதில் அடங்கும். அ.தி.மு.க. ஆட்சியில் வந்த தடை அது. அடுத்து வந்த தி.மு.க. ஆட்சி 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அதைத் தொடர்ந்தது. இரண்டு ஆட்சியும் ஒரே திசையில் போன அபூர்வமான விஷயம். அப்படியிருந்தும் இன்றைக்கும் கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுத்தான் தருகிறார்கள். நான் வண்டிப் பெட்டியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வைத்திருக்கிறேன். அதை நீட்டினால் யாரும் மறுத்ததில்லை. கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுகிறார்கள். மாணவர்களில் சிலர் இதைப் பார்த்துத் தாங்களும் டிபன் பாக்ஸ் கொண்டுபோக ஆரம்பித்தார்கள்.

இனி பில். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சாதாரண ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏசி ஓட்டலுக்கு 18 சதவீதம். அந்த நவம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். பில் குறையும் என்று நானும் எதிர்பார்த்தேன். ஆனால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை ஓட்டல்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள், அதைக் காரணம் காட்டிச் சாப்பாட்டு விலையை ஏற்றினார்கள். நான் வழக்கமாகப் போன இடங்களில் கையிலிருந்து போன பணம் ஏறக்குறைய அதேதான். மத்தியில் புதிதாக வந்த அரசு வரியை எளிமையாக்கும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். அந்த நம்பிக்கை இந்த இடத்தில்தான் தளர்ந்தது.

மாணவர்களுக்கு உதவுகிற விஷயம் இது: ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் செய்யும் ஓட்டல் ‘காம்போசிஷன்’ முறையில் இருக்கலாம். அப்படி இருந்தால் 5 சதவீதத்தை அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், நம்மிடம் தனியாக வரி என்று வசூலிக்கக் கூடாது. அதைப் பில்லிலும் கடைப் பலகையிலும் எழுதியிருக்க வேண்டும். பில்லில் வரி போட்டிருந்தால் அதிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அந்தக் கடை எந்த முறையில் இருக்கிறது என்று வந்துவிடும். ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத பில்லில் வரி இருந்தால் கட்ட வேண்டாம். சேவைக் கட்டணம் என்று தானாகவே சேர்த்தாலும் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை வழிகாட்டுதலாகவே வெளியிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915.

மெஸ்ஸில் மாதக் கணக்கில் சேருகிறவர்கள் முழு மாதப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். வாரக் கணக்கில் பேசுங்கள். ஊருக்குப் போகும் நாள் கழியுமா, ஞாயிறு ராத்திரி சாப்பாடு உண்டா என்று முதலிலேயே கேட்டு, டோக்கனில் எழுதி வாங்குங்கள்.

மெஸ் என்றதும் என் அக்கா, அத்தான் ஞாபகம் வருகிறது. பல்கலைக்கழகம் போகிற வழியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார்கள். அக்கா கையால் செய்யும் வத்தக்குழம்புக்கும், ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு வைக்கும் கடப்பாவுக்கும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் சேர்ந்த கும்பகோணம் கடப்பாவைக் கேரளத்துப் பிள்ளைகள் இங்கே வந்துதான் முதலில் சாப்பிடுகிறார்கள். கடை நடத்துகிறவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது இவர்களால்தான்.

உணவுப் பாதுகாப்புப் பதிவுக்குச் சட்டப்படி சின்னக் கடைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். விண்ணப்பம் முழுவதும் இணையத்திலேயே போடலாம். அத்தானுக்கு இணையம் பழக்கமில்லை, ஒரு இடைத்தரகரிடம் போனார். அவர் கேட்டது அந்த நூறைப் போலப் பல மடங்கு. பிறகு நானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். 14 இலக்க எண் வந்ததும் அதைப் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினோம். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் அந்த 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரி முதல் அது பில்லிலும் இருக்க வேண்டும். கடை தொடங்க நினைப்பவர்கள் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும், வேலை செய்பவர்களின் மருத்துவச் சான்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைக்காதீர்கள், 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வேண்டும். விலை வலிக்கும். ஆனால் விபத்து நடந்தாலும் சோதனை வந்தாலும் கடையே போய்விடும்.

சட்டப்படியான செலவு இவ்வளவுதான். சட்டத்தில் இல்லாத செலவுதான் அத்தானை வருத்தியது. விழா, கூட்டம், பிறந்தநாள் என்று நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்கள். “ஆட்சி மாறினா இது நிக்கும்னு நெனச்சேன் தம்பி. வேற ஆளு வர்றாங்க, அவ்ளோதான்” என்றார் அத்தான். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வாக்களிக்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த மாநிலத்தில் ஆட்சி மாறியதைப் பல தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல் ஆறு மாதம் ஒரு நம்பிக்கை. அப்புறம் மெல்ல மெல்ல அது கரையும். எதை வைத்து ஒரு புது ஆட்சியை எடைபோடுவது என்று யோசித்து யோசித்து, இப்போது ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறேன்: முந்தைய ஆட்சி பற்றவைத்த நல்ல அடுப்பை இவர்கள் என்ன செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் அப்படி அணையாமல் எரிந்த அடுப்பு ஒன்று உண்டு. 1956-இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். தொடக்கவிழா நடந்தது எங்கள் டெல்டாவின் தலைப்பில், திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில். கலைஞர் ஆட்சி 1989-இல் முட்டை சேர்த்தது. எம்.ஜி.ஆர். பெயரையும் திட்டத்திலிருந்து எடுக்கவில்லை. ஜெயலலிதா ஆட்சி கலவைச் சாத வகைகளைக் கொண்டுவந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அதை மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தபோது தொடக்கவிழா நடந்தது இங்கே பக்கத்தில், திருக்குவளைப் பள்ளியில். கோயில் அன்னதானமும் அப்படித்தான். 2002-இல் தொடங்கியதை எந்த ஆட்சியும் நிறுத்தவில்லை, மேலும் பல கோயில்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் மேல் ஒருவர் அத்தனை வெறுப்போடு அரசியல் செய்த கட்சிகள் பிள்ளைகளின் சோற்றில் மட்டும் கை வைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வேதனையும் அங்கேயே தொடங்குகிறது. இது முடியும் என்று தெரிந்தவர்கள் மற்றதில் ஏன் செய்யவில்லை? 1999 நவம்பரில் உழவர் சந்தை தொடங்கியது. விவசாயி நேரடியாக விற்பார், நாம் நியாய விலைக்கு வாங்குவோம். 2001-இல் ஆட்சி மாறியது. சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின, பல மூடப்பட்டன. 2006-க்குப் பிறகுதான் அவற்றுக்கு மறுபடி உயிர் வந்தது. அந்த ஐந்து வருஷத்தில் கத்தரிக்காயும் கீரையும் கொண்டுவந்து பழகிய விவசாயி மறுபடி தரகு மண்டிக்கே போய்விட்டார். போனவர் எல்லோரும் திரும்பவில்லை.

2013-இல் சென்னையில் அம்மா உணவகம் வந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். பின்னர் மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தது. வேலையாகப் போகும் ஊர்களில் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு தங்கியிருப்பவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள், பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே மேசையில் நின்று சாப்பிட்ட இடம் அது. 2021 மே மாதம் தேர்தல் முடிவு வந்த கையோடு சென்னையில் ஓர் அம்மா உணவகத்தின் பலகையைச் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். வென்ற கட்சியே அவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது, பலகை திரும்ப மாட்டப்பட்டது. அன்றைக்கு நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். இந்தத் தடவை அடுப்பு அணையாது என்று நினைத்தேன். அணையத்தான் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் போன ஓர் ஊரில் பதினொரு மணிக்கே இட்லி தீர்ந்திருந்தது, மதியத்துக்கு ஒரே சாதம்தான் இருந்தது, அரைக்கும் இயந்திரம் பழுது என்று சொன்னார்கள். மூடாமலே ஒன்றைத் தேயவிட முடியும் என்று அங்கே பார்த்தேன்.

அதே தேர்தலில் தி.மு.க. 500 கலைஞர் உணவகம் திறப்பதாக அறிக்கையில் சொன்னது. 2011-லும் 2016-லும் கலைஞரையே சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி திருவாரூர். முதல் உணவகங்களில் ஒன்று மருத்துவக் கல்லூரி வாசலில் வரும் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் ஆசை இருந்தது. அங்கே கிராமத்திலிருந்து வந்து வார்டில் கிடப்பவருக்குக் காவல் இருக்கும் பெண்கள் மதியம் ஒரு பன்னும் டீயும் வாங்கிச் சமாளிப்பதை வாரம்தோறும் பார்க்கிறவன் நான். நான் சாப்பிடப் போகும்படி எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று வரவில்லை. பெயர் அம்மாவா கலைஞரா என்பது அந்தப் பெண்களுக்கு முக்கியமே இல்லை.

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதுத் திட்டங்களை அது தடுத்தது, அதற்காக மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் தடை செய்த தொழில்களின் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. பல்கலைக்கழகம் போகும் வழியில் நெல் நின்ற இடங்களில் இப்போது கல் நட்டிருக்கிறது. சுற்றிலும் நெல் விளையும் ஊரில், கடையில் நமக்குப் போடும் சாதத்தின் அரிசி பெரும்பாலும் வெளியூர் மூட்டை. இதே மாவட்டத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பூங்காரிலோ மாப்பிள்ளைச் சம்பாவிலோ ஒரு இலைச் சாப்பாடு போடுகிற கடையை மாணவர்களுக்குக் கைகாட்ட எனக்கு ஆசை. அக்கா வாரத்தில் ஒரு நாள் பூங்கார் கஞ்சி போட்டுப் பார்க்கிறார். விலை கட்டுப்படியாவது சிரமம்தான்.

இனி, கடையில் தப்பு நடந்தால் என்ன செய்வது என்பது. கல்லாவில் நின்று சத்தம் போடுவதால் ஒன்றும் ஆகாது. பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். உணவைப் படம் எடுங்கள், கடையின் பலகையும் 14 இலக்க எண்ணும் தெரிகிற மாதிரி இன்னொரு படம். தேதி, நேரம், என்ன சாப்பிட்டீர்கள், என்ன ஆயிற்று என்று நாலு வரி எழுதி, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். சாயம் போட்ட சிக்கனுக்காக நானும் சில மாணவர்களும் ஒரு கடையைப் பற்றி இப்படி அனுப்பினோம். அலுவலர் வந்தார், மாதிரி எடுத்தார், அந்தக் கடையில் சாயம் நின்றது. தனியாக ஒருவர் அனுப்புவதைவிட சாப்பிட்ட நாலு பேரும் தனித்தனியாக அனுப்பினால் வேகம் தெரிகிறது. பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் பெட்டிக்கடையில் வாங்கினால் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை, உணவுத் துறை அல்ல. வேறு எதற்கும் பலன் இல்லை என்றால் முதல்வர் உதவி மையம் 1100. அங்கே தரும் மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுவண்டிக்காரர்கள் மேல் புகார் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். அவர்களில் பலருக்குத் தண்ணீர்க் குழாயும் இல்லை, நிற்க உரிமையுள்ள இடமும் இல்லை. 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு நடத்த வேண்டும், விற்பனைச் சான்று தர வேண்டும், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் விரட்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த இட்லி வண்டி அக்காவுக்கு இந்தச் சட்டம் இருப்பதே நான் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்காக ஒரு மனு எழுதினோம். மருத்துவக் கல்லூரி பக்கத்தில் வண்டிகளுக்கு ஓர் இடம், ஒரு தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி, ராத்திரி விளக்கு. இவ்வளவுதான் கேட்டது. விளமலில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலின் நகலையும், சட்டத்தின் பிரதியையும், வண்டிக்காரர்கள் கையெழுத்தையும் இணைத்து மறுபடி கொடுக்கப் போகிறோம். இந்தத் தடவை மாணவர்களும் வருகிறார்கள். சேர விரும்புகிறவர்கள் ஆதார் நகலோடு வரும் திங்கள் காலை ஒன்பதரைக்குள் விளமல் வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும்.